அமெரிக்காவின் 340பி மருந்து விலைத் தள்ளுபடித் திட்டமும் சீர்திருத்த விவாதமும்: சட்டத்தின் மௌனம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வறியோருக்கு மருத்துவம் வழங்கும் மருத்துவமனைகளும் மருத்துவ நிலையங்களும் புறநோயாளிகளுக்கான மருந்துகளைக் குறைந்த விலையில் வாங்குவதற்காக, அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1992ஆம் ஆண்டில் 340பி எனப்படும் திட்டத்தைத் தோற்றுவித்தது. அளவில் சிறியதாகத் தொடங்கிய இத்திட்டம் இன்று அந்நாட்டின் மருந்துச் சந்தையில் பெரும் பங்கு வகிக்கிறது. இதனைச் சீர்திருத்த வேண்டும் என்பதில் மருந்து நிறுவனங்கள், மருத்துவமனைகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகிய முத்தரப்பினரும் உடன்படுகின்றனர். எவ்வாறு சீர்திருத்துவது என்பதில் முரண்படுகின்றனர். தள்ளுபடியைப் பெறுவோர் யார் என்று வரையறுத்த சட்டம், அதனால் கிடைக்கும் தொகை எதற்குச் செலவிடப்பட வேண்டும் என்று வரையறுக்காமல் விட்டதே இம்முரண்பாட்டின் அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: 340பி திட்டம், உச்சவரம்பு விலை, ஒப்பந்த மருந்தகம், பின்கழிவு முறை, மெடிக்கெய்ட், மருத்துவக் கொள்கை.

முன்னுரை

மருந்து விலைத் தள்ளுபடி என்றவுடன், நோயாளி மருந்துக் கடையில் செலுத்தும் தொகை குறையும் என்றே எவரும் பொருள் கொள்வர். அமெரிக்காவின் 340பி திட்டம் அத்தகையதன்று. இத்திட்டத்தில் தள்ளுபடி பெறுவது மருத்துவ நிறுவனம். அந்நிறுவனம் குறைந்த விலையில் மருந்தை வாங்குகிறது. நோயாளியின் காப்பீட்டிடமிருந்து வழக்கமான கட்டணத்தைப் பெறுகிறது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டைத் தன் வருவாயாக வைத்துக்கொள்கிறது. இவ்வருவாயைக் கொண்டு ஏழை நோயாளிகளுக்குக் கூடுதல் பணிகள் செய்யப்படும் என்பதே திட்டத்தின் எதிர்பார்ப்பாகும்.

இந்த எதிர்பார்ப்பு சட்டக் கடமையாக எழுதப்படவில்லை என்பதுதான் சிக்கல். இன்று நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றக் குழுக்களிலும் நடைபெறும் வழக்குகளும் விசாரணைகளும் வெவ்வேறு பொருள்கள் பற்றியவையாகத் தோன்றினும், அவை அனைத்தும் இந்த ஓர் இடைவெளியிலிருந்தே கிளைக்கின்றன. இதனை விளக்கத் திட்டத்தின் தோற்றம், விலை கணக்கிடும் முறை, தகுதி வரையறை, அண்மைக்கால வழக்குகள் ஆகியன முறையே இங்கு ஆராயப்படுகின்றன.

1. திட்டத்தின் தோற்றம்

இத்திட்டத்தின் வேர் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உள்ளது. வறியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிக்கெய்ட், மருந்துகளுக்கு மிகுதியாகச் செலவிட்டு வந்தது. அச்செலவைக் குறைக்கும் பொருட்டு, மருந்து நிறுவனங்கள் மெடிக்கெய்டுக்குக் கழிவு வழங்க வேண்டும் என நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நிறுவனம் வேறு எவருக்கேனும் வழங்கும் மிகக் குறைந்த விலையின் பயன் மெடிக்கெய்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

நல்நோக்கில் எழுதப்பட்ட இவ்விதி எதிர்பாராத விளைவைத் தந்தது. அதுவரை அறநிலை மருத்துவமனைகளுக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் மருந்து நிறுவனங்கள் தாமாகவே பெருந்தள்ளுபடி அளித்து வந்தன. அத்தள்ளுபடியைத் தொடர்ந்தால் அதே விலையை நாடு முழுவதும் மெடிக்கெய்டுக்கும் தர நேரும் என்பதால், நிறுவனங்கள் அவற்றைக் குறைத்தன. சில இடங்களில் அடியோடு நிறுத்தின. மெடிக்கெய்டுக்குக் கிடைத்த நன்மை, அதே வறியோருக்கு மருத்துவம் பார்த்த நிலையங்களுக்கு இழப்பாக முடிந்தது.

இதனைச் சரிசெய்யவே 1992இல் முன்னாள் படைவீரர் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அவ்வாண்டு நவம்பரில் அதில் கையொப்பமிட்டார். அச்சட்டம் பொதுச் சுகாதாரப் பணிச் சட்டத்தில் சேர்த்த பிரிவின் எண்ணே 340பி. திட்டத்தின் பெயரும் அதுவே ஆயிற்று. மெடிக்கெய்டிலும், மெடிக்கேரின் மருத்துவமனை மருந்துப் பிரிவிலும் தம் மருந்துகளுக்குக் கட்டணம் பெற விரும்பும் நிறுவனங்கள் இத்திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். எனவே பெயரளவில் ஒப்பந்தமாயினும், நடைமுறையில் இது கட்டாயமே.

கிடைக்கும் குறைந்த அரசு வளத்தை இயன்றவரை நீட்டித்து, மேலும் பல நோயாளிகளைச் சென்றடையவும் மேலும் முழுமையான பணிகளை வழங்கவும் துணைசெய்வது இதன் நோக்கம் என நாடாளுமன்றக் குழு அறிக்கை குறிப்பிட்டது. இந்நோக்கம் அறிக்கையில் இடம்பெற்றதேயன்றிச் சட்டப் பிரிவின் விதிகளில் இடம்பெறவில்லை. பின்னாளைய வாதங்கள் அனைத்திற்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

2. விலை கணக்கிடப்படும் முறை

340பி திட்டத்தில் ஒரு மருந்துக்கு வாங்கத்தக்க மிகை விலை ‘உச்சவரம்பு விலை’ எனப்படும். உற்பத்தியாளர் பெறும் சராசரி விலையிலிருந்து மெடிக்கெய்ட் கழிவைக் கழித்தால் இவ்விலை கிடைக்கும். வணிகப் பெயருடைய மருந்துகளுக்குக் குறைந்த அளவுக் கழிவு 23.1 விழுக்காடு, பொதுப்பெயர் மருந்துகளுக்கு 13 விழுக்காடு, குருதி உறைதல் காரணிகளுக்கும் குழந்தைகளுக்கு மட்டுமே உரிய மருந்துகளுக்கும் 17.1 விழுக்காடு.

எடுத்துக்காட்டாக, சராசரி விலை 1,000 டாலர் எனக் கொண்டால், வணிகப் பெயருடைய மருந்தை மருத்துவமனை 769 டாலருக்கு மிகாத விலையில் வாங்கலாம். நோயாளியின் காப்பீடு அம்மருந்துக்கு 1,000 டாலர் கட்டணம் தருமாயின், 231 டாலர் மருத்துவமனைக்கு மிஞ்சும். காப்பீடு இல்லாத ஏழை நோயாளிக்கு அம்மருந்தை 769 டாலருக்கோ அதனினும் குறைவாகவோ தருவதும், முழுவிலை பெறுவதும் மருத்துவமனையின் விருப்பத்தைப் பொறுத்தவை.

பணவீக்கத்தைவிட வேகமாக ஒரு நிறுவனம் தன் மருந்தின் விலையை உயர்த்தினால், அதற்கேற்பக் கழிவும் கூடும். இவ்வாறு கூடிய கழிவு சராசரி விலையையே எட்டிவிடும் மருந்துகளும் உள்ளன. அத்தகைய மருந்துகளின் உச்சவரம்பு விலை ஒரு சென்ட் என நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே தள்ளுபடியின் ஒரு பகுதி, மருந்து நிறுவனங்களின் தொடர் விலையேற்றத்தால் விளைந்த தண்டமாகும். திட்டத்தின் பெருக்கத்தைப் பற்றி நிறுவனங்கள் முறையிடும்போது இக்கூற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

சட்டம் இரண்டு தடைகளை விதிக்கிறது. தள்ளுபடி விலையில் வாங்கிய மருந்தைத் தன் நோயாளி அல்லாதவருக்கு நிறுவனம் வழங்கலாகாது. ஒரே மருந்துக்கு 340பி தள்ளுபடியும் மெடிக்கெய்ட் கழிவும் சேர்ந்து கோரப்படலாகாது. மிஞ்சும் தொகையின் பயன்பாடு குறித்துச் சட்டத்தில் தடையோ ஆணையோ இல்லை.

3. தகுதி வரையறையில் உள்ள பொருத்தமின்மை

தள்ளுபடி பெறும் நிறுவனங்கள் இருவகைப்படும். முதல் வகை, கூட்டாட்சி மானியம் பெறும் நிலையங்கள்: சமுதாய மருத்துவ நிலையங்கள், எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான ரயன் ஒயிட் திட்ட மையங்கள், குருதி உறையாமை நோய் மையங்கள், காசநோய் மற்றும் பால்வினை நோய் மையங்கள், குடும்பநல மையங்கள் முதலியன. இரண்டாம் வகை, மருத்துவமனைகள். 1992இல் வறியோரை மிகுதியாக ஏற்கும் பொது மருத்துவமனைகளும் இலாப நோக்கற்ற மருத்துவமனைகளும் சேர்க்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஊரகச் சிறு மருத்துவமனைகளையும் சில புற்றுநோய் மருத்துவமனைகளையும் சேர்த்தது.

இவ்விரு வகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை. மானியம் பெறும் நிலையங்கள் மானிய நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவை. தம் வருவாயை மானியத்தின் நோக்கத்திற்கே செலவிட வேண்டியவை. மருத்துவமனைகளுக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. கொள்முதல் மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, வறியோரை மிகுதியாக ஏற்கும் பெரிய மருத்துவமனைகளுடையது. ஆக, சிறு பங்கு பெறுவோர் கடமைக்கு உட்பட்டும், பெரும் பங்கு பெறுவோர் கடமைக்கு உட்படாமலும் இருக்கின்றனர். சட்டம் மௌனமாக உள்ளது என்று பொதுவாகக் கூறுவதைவிட, அம்மௌனம் பெரியவர்களுக்கே பயன்படுகிறது என்று கூறுவது துல்லியமாகும்.

பொது மருத்துவமனையின் தகுதி 11.75 விழுக்காடு என்னும் அளவுகோலால் தீர்மானிக்கப்படுகிறது. இது மெடிக்கெய்ட் நோயாளிகளும் மிக வறிய மெடிக்கேர் நோயாளிகளும் உள்நோயாளிகளாகத் தங்கிய நாள்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. தள்ளுபடியோ புறநோயாளி மருந்துகளுக்கு உரியது. உள்நோயாளிகளை அளந்து புறநோயாளிகளுக்கான சலுகையை வழங்கும் இம்முறையில், நகரின் வறிய பகுதியில் உள்ள மருத்துவமனை தகுதி பெற்றால், வசதியான புறநகரில் உள்ள அதன் கிளைகளும் தள்ளுபடி விலையில் மருந்து வாங்கலாம். கிளையில் வறியோர் வருகின்றனரா என்பதை அளவுகோல் கேட்பதில்லை.

4. வளர்ச்சியும் அதன் விளைவுகள் குறித்த சான்றுகளும்

தள்ளுபடி விலையில் வாங்கப்பட்ட மருந்துகளின் மதிப்பு 2020இல் சுமார் 3,800 கோடி டாலராக இருந்தது. 2023இல் 6,630 கோடி டாலராக உயர்ந்தது. விலை மிகுந்த புற்றுநோய் மருந்துகளின் வருகை, தகுதி விரிவாக்கம், மருத்துவமனைகள் தனியார் மருத்துவர்களின் நிலையங்களை வாங்கித் தம் கிளைகளாக்கியமை, ஒப்பந்த மருந்தகங்களின் பெருக்கம் ஆகியன இதற்குக் காரணங்கள்.

இவ்வளர்ச்சியால் வறியோர் பயனடைந்தனரா என்பதே ஆய்வாளர்கள் முன்னுள்ள வினா. சுனிதா தேசாய், மைக்கேல் மக்வில்லியம்ஸ் ஆகியோர் 2018இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 11.75 விழுக்காட்டிற்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் உள்ள மருத்துவமனைகளை அவர்கள் ஒப்பிட்டனர். தகுதி பெற்ற மருத்துவமனைகளில் குருதி, புற்றுநோய் மருத்துவர்களின் எண்ணிக்கையும், ஊசி வழி செலுத்தும் மருந்துகளின் பயன்பாடும் மிகுந்திருந்தன. வறிய நோயாளிகளுக்கான சேவை விரிவடைந்தமைக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், விர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதியிலுள்ள மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதியது. அம்மருத்துவமனையின் தகுதியால் ஈட்டிய தொகை வசதியான பகுதிகளின் விரிவாக்கத்திற்குப் பயன்பட்டதாகவும், அங்கோ பணிகள் சுருங்கியதாகவும் அச்செய்தி குற்றம் சாட்டியது. மருத்துவமனைக் குழுமம் இதனை மறுத்தது. மறுப்பையும் குற்றச்சாட்டையும் சீர்தூக்கத்தக்க பொதுக் கணக்கு எதுவும் சட்டப்படி கட்டாயமில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். மருத்துவமனைகள், மெடிக்கெய்ட் தரும் கட்டணம் தம் செலவை ஈடுசெய்வதில்லை என்றும், இத்தொகை இன்றேல் ஊரகங்களில் மகப்பேற்றுப் பிரிவு, அவசரப் பிரிவு போன்றவற்றை நடத்த இயலாது என்றும் கூறுகின்றன. வரிப்பணம் நேரடியாகச் செலவாகாமல் இப்பணிகள் நடைபெறுகின்றன என்பது அவற்றின் வலுவான வாதம். ஊரகச் சிறு மருத்துவமனைகளையும் எச்.ஐ.வி. மையங்களையும் பொறுத்தவரை இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே சட்டப் பிரிவு இவற்றையும் பெருநகர மருத்துவக் குழுமங்களையும் ஒன்றாகக் கட்டியிருப்பதால், பெரியவற்றின் மீது குறிவைக்கும் சீர்திருத்தம் சிறியவற்றையே முதலில் வீழ்த்தக்கூடும்.

5. ஒப்பந்த மருந்தகங்களும் நீதிமன்றங்களும்

சிறு மருத்துவ நிலையங்கள் பலவற்றில் சொந்த மருந்தகம் இல்லை. எனவே வெளி மருந்தகம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளத் திட்டத்தை நிர்வகிக்கும் சுகாதார வளங்கள், சேவைகள் நிர்வாக முகமை 1996இல் இசைவளித்தது. 2010இல் எத்தனை மருந்தகங்களுடனும் ஒப்பந்தம் செய்யலாம் என வழிகாட்டுதலை மாற்றியது. அவ்வாண்டு சுமார் 1,300 ஆக இருந்த ஒப்பந்த மருந்தகங்கள் 2017இல் ஏறத்தாழ 20,000 ஆயின என அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2018இல் அறிவித்தது. அதன் வினாநிரலுக்கு விடையளித்த 55 நிறுவனங்களுள் 30 மட்டுமே, காப்பீடு இல்லாத வறியோருக்கு அம்மருந்தகங்களில் தள்ளுபடி வழங்குவதாகக் கூறின.

2020இல் எலை லில்லி தொடங்கிப் பல மருந்து நிறுவனங்கள் ஒப்பந்த மருந்தகங்களுக்குத் தள்ளுபடி விலையில் அனுப்புவதைக் கட்டுப்படுத்தின. அரசு இதனைச் சட்டமீறல் என்றது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2023 ஜனவரியில் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2024 மே மாதத்தில் கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. மருந்தை எங்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆதலின் நியாயமான நிபந்தனைகளை விதிப்பதற்குத் தடையில்லை என்பது அத்தீர்ப்புகளின் சாரம்.

இதன்பின் களம் மாநிலங்களுக்கு மாறியது. ஒப்பந்த மருந்தகங்களுக்கு அனுப்ப மறுப்பதைத் தடைசெய்து ஆர்கன்சா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றியது. கூட்டாட்சிச் சட்டம் இதற்கு இடையூறாக இல்லை என 2024 மார்ச்சில் எட்டாம் வட்டார நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஒரே மௌனம் ஓரிடத்தில் நிறுவனங்களுக்கும் மற்றோரிடத்தில் மாநிலங்களுக்கும் துணையாயிற்று.

மெடிக்கேர் தொடர்பான வழக்கிலும் இந்நிலையே. முதியோருக்கான காப்பீடாகிய மெடிக்கேர், 340பி மருத்துவமனைகளுக்கு மருந்தின் சராசரி விற்பனை விலையுடன் 6 விழுக்காடு சேர்த்து வழங்கி வந்த கட்டணத்தை, 2018இல் அவ்விலைக்கு 22.5 விழுக்காடு கீழாகக் குறைத்தது. மருத்துவமனைகளின் கொள்முதல் செலவை அளவாய்வு செய்யாமல் அவற்றுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைக்க அதிகாரமில்லை என உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதனால் அரசு சுமார் 900 கோடி டாலரைத் திருப்பித் தர நேர்ந்தது. திட்டம் மிகையாகப் பயனளிக்கிறது என்பதற்காக அதனை நிர்வாக ஆணையால் திருத்த முடியாது. சட்டமன்றமே திருத்த வேண்டும் என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

6. பின்கழிவு முறை குறித்த பூசல்

தள்ளுபடி இதுவரை கொள்முதலின்போதே வழங்கப்பட்டு வந்தது. 2024 ஆகஸ்டில் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் தன் இரு மருந்துகளுக்கு வேறொரு முறையை அறிவித்தது. மருத்துவமனை முழுவிலை கொடுத்து வாங்க வேண்டும். உரிய நோயாளிக்கு வழங்கியதற்கான தரவுகளை அளித்தபின் வேறுபாட்டுத் தொகை திருப்பித் தரப்படும். அரசின் முன்னிசைவு இன்றி இதனைச் செயற்படுத்தலாகாது என நிர்வாக முகமை எச்சரித்தது. நிறுவனம் திட்டத்தை நிறுத்திவிட்டு வழக்குத் தொடுத்தது.

பின்னர் முகமையே 2025 ஜூலையில் வரம்புக்குட்பட்ட சோதனைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மெடிக்கேர் விலைப் பேச்சுவார்த்தைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்துகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் பின்கழிவு முறை நடைமுறைக்கு வர இருந்தது. மருத்துவமனைச் சங்கங்கள் தொடுத்த வழக்கில், 2025 டிசம்பர் இறுதியில் மெய்ன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இரட்டைத் தள்ளுபடியைக் கண்டறிய இம்முறை தேவை என்பது நிறுவனங்களின் வாதம். 2022ஆம் ஆண்டுப் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி, ஒரே மருந்துக்கு மெடிக்கேர் பேச்சு விலையும் 340பி விலையும் பொருந்தும்போது இரண்டினுள் குறைந்ததை மட்டும் தந்தால் போதும். ஆகவே இவ்வாதத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. ஆயினும் முழுவிலையை முன்கூட்டிச் செலுத்தக் கைமுதல் வேண்டும். பெரிய குழுமம் சில வாரம் காத்திருக்கும்; ஊரகச் சிறு மருத்துவமனை காத்திருக்க இயலாது. வெளிப்படைத்தன்மைக்கான கருவி ஒன்று, வெளிப்படையாக இருக்க வேண்டிய பெரியோரை விடுத்துச் சிறியோரை வருத்துமாயின் அது சீர்திருத்தம் ஆகாது.

7. சீர்திருத்த முன்மொழிவுகளின் மதிப்பீடு

முன்மொழிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது வெளிப்படைத்தன்மை. மின்னசோட்டா மாநிலம் தள்ளுபடி பெறும் நிறுவனங்கள் கணக்களிக்க வேண்டும் எனச் சட்டமியற்றி, 2024 நவம்பரில் முதல் அறிக்கையை வெளியிட்டது. 2023இல் அம்மாநில நிறுவனங்கள் குறைந்தது 63 கோடி டாலர் நிகர வருவாய் பெற்றன என்றும், ஒப்பந்த மருந்தகங்களுக்கும் இடைநிலை நிர்வாக நிறுவனங்களுக்கும் 12 கோடி டாலருக்கு மேல் சென்றது என்றும் அவ்வறிக்கை காட்டியது. ஏழைக்காக ஒதுக்கப்பட்ட தள்ளுபடியில் ஒரு பகுதி வணிக இடையீட்டாளர்களைச் சேர்வது முதன்முறையாக அரசுக் கணக்காகப் பதிவாயிற்று.

இரண்டாவது, ‘நோயாளி’ என்பதற்கான வரையறை. 1996ஆம் ஆண்டு வழிகாட்டுதலே இன்றும் அடிப்படையாக உள்ளது. மருத்துவமனையில் ஒருமுறை மருத்துவம் பெற்றவர், பின்னர் வேறு மருத்துவர் எழுதிய மருந்தை வாங்கும்போதும் அம்மருத்துவமனையின் நோயாளியா என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடை இல்லை. 2023 நவம்பரில் தென் கரோலினாக் கூட்டாட்சி நீதிமன்றம், முகமையின் குறுகிய விளக்கத்தை ஏற்காமல் பரந்த பொருளை ஏற்றது. வரையறை விரிந்தால் வருவாய் பெருகும். குறுகினால் சிறு நிலையங்கள் நலியும்.

மூன்றாவது, தள்ளுபடியை நோயாளியிடம் நேரடியாகச் சேர்ப்பித்தல். இதற்கான முயற்சி ஏற்கெனவே நடந்தது. 2020இல் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையின்படி, சமுதாய மருத்துவ நிலையங்கள் இன்சுலினையும் ஒவ்வாமைக்கான எபினெஃப்ரின் ஊசியையும் வறிய நோயாளிகளுக்குத் தாம் வாங்கிய விலையிலேயே தர வேண்டும் என விதி செய்யப்பட்டது. நிர்வாகச் சுமை மிகும் எனக் கூறிப் பைடன் அரசு 2021இல் அவ்விதியை நீக்கியது. 2025 ஏப்ரலில் டிரம்ப் மீண்டும் அவ்வாறே ஆணையிட்டார். நோயாளியைக் கருதிய இவ்விதி ஏற்கெனவே மானிய நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட சமுதாய நிலையங்களையே குறித்தது, மருத்துவமனைகளைக் குறிக்கவில்லை. கடமை மீண்டும் சிறியவர்களையே சேர்ந்தது.

2024 பிப்ரவரியில் செனட்டின் இருகட்சி உறுப்பினர்கள் அறுவர் வரைவு மசோதா ஒன்றை வெளியிட்டனர். 2025 ஏப்ரலில் செனட் சுகாதாரக் குழுத் தலைவர் பில் காசிடி தம் விசாரணை அறிக்கையை வெளியிட்டு, வெளிப்படைத்தன்மையையும் தெளிவான வரையறைகளையும் வலியுறுத்தினார். இவை சரியான திசையில் அமைந்தவையே. எனினும் கணக்கு வெளியிடுதல் மட்டுமே போதாது. எந்நோக்கத்தை வைத்து அக்கணக்கு மதிப்பிடப்படும் என்பதையும் சட்டம் கூற வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• 340பி திட்டம் நோயாளிக்கு அன்றி நிறுவனத்திற்குத் தள்ளுபடி அளிக்கும் அமைப்பாகும். இதனை உணராமல் அதன் வெற்றி தோல்வியை மருந்துக் கடை விலையைக் கொண்டு அளவிட இயலாது.

• ஒப்பந்த மருந்தகம், நோயாளி வரையறை, பின்கழிவு முறை ஆகிய பூசல்கள், தள்ளுபடித் தொகையின் நோக்கத்தைச் சட்டம் கூறாமையால் எழுந்தவை. நீதிமன்றங்கள் சொற்களுக்குப் பொருள் கூறலாம்; எழுதப்படாத நோக்கத்தை எழுதித் தர இயலாது.

• மானிய நிலையங்களுக்கு உள்ள வருவாய்ப் பயன்பாட்டுக் கடமையைப் பெரிய மருத்துவமனைகளுக்கும் விரித்தல், கிளை நிலையங்களின் தகுதியை அங்கு வரும் புறநோயாளிகளைக் கொண்டு அளவிடுதல், ஊரகச் சிறு மருத்துவமனைகளுக்கு விலக்களித்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் சீர்திருத்தம் பயன்தரும்.

1990இல் மெடிக்கெய்டைக் காக்க எழுதிய விதி, அறநிலை மருத்துவமனைகளின் தள்ளுபடியை இழக்கச் செய்தது. அவ்விழப்பை ஈடுசெய்யவே 340பி பிறந்தது. இன்றைய சீர்திருத்தமும் எவரைக் காக்க முனைகிறது, எவர்மீது சுமையை ஏற்றுகிறது என்பதைக் கணக்கிடாமல் இயற்றப்படுமாயின், அவ்வரலாறே மீளும். காப்பீடு இன்றி இன்சுலின் வாங்க வரும் ஒருவர், நாடு அவர் பெயரால் வழங்கும் தள்ளுபடியை அறியாமலே முழுவிலை செலுத்திச் செல்லும் நிலை மாறுவதே இவ்விவாதத்தின் பயனாக இருத்தல் வேண்டும்.